மிளகின் இடத்தில் மிளகாய்: குருபரப்பள்ளி வட்டாரத்தின் காரச் சரித்திரம்

தமிழ்நாட்டில் மிளகாய்க்கு வயது ஐந்நூறுக்கு மேல் இராது. கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் குருபரப்பள்ளி போன்ற ஊர்களின் புழக்கத்தைப் பார்த்தால் இதை நம்புவது கடினம். களிக்கு ஊற்றும் சாறு, மாட்டுக்கு வயிறு உப்பினால் ஊட்டும் மருந்து, லாரியின் முகப்பில் தொங்கும் எலுமிச்சைக் கோர்வை என்று எல்லாவற்றிலும் மிளகாய் இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் அது வெகுகாலம் வாசலைத் தாண்டவில்லை. அடுப்படியில் மிளகை ஓரம் தள்ளிய காய், மருந்துப் பெட்டியில் மிளகிடம் தோற்றுப்போனது.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கத்தரி, தக்காளி, புகையிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. எக்வடோர் நாட்டில் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முந்திய குடியிருப்புகளின் அரைகற்களிலும் பானைகளிலும் மிளகாயின் மாவுத்துகள்கள் ஒட்டியிருந்ததை அகழாய்வாளர் கண்டிருக்கிறார்கள். மிளகைத் தேடிக் கிளம்பிய கொலம்பஸ் 1492-ல் கரீபியத் தீவுகளில் கண்டது மிளகை அல்ல, மிளகாயை. அவருடைய இரண்டாம் பயணத்தில் உடன்சென்ற மருத்துவர் சாங்கா, தீவு மக்கள் அதைக் கிழங்குக்கும் மீனுக்கும் சேர்த்துக்கொள்வதை எழுதிவைத்தார்.

பிரேசிலையும் கோவாவையும் ஒரே கடல்வழியில் கட்டிவைத்திருந்த போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து கன்னட நாட்டுக்குள் நுழைய அதிக காலம் பிடிக்கவில்லை என்பதற்கு, 1564-ல் மறைந்த புரந்தரதாசர் பெயரில் மிளகாயைப் பற்றிய கீர்த்தனை ஒன்று வழங்குவதைச் சான்றாகக் காட்டுவார்கள். வடக்கே அப்படியில்லை. அக்பர் காலத்து அயினி அக்பரியில் வரும் சமையல் குறிப்புகளில் காரத்துக்கு மிளகுதான், மிளகாய் இல்லை. தெற்கு முந்திக்கொண்டது என்று சொன்னால் தவறாகாது.

அதுவரை தமிழ்நாட்டின் காரம் என்றால் மிளகும் திப்பிலியும் சுக்கும்தான். யவனர் பொன்னோடு வந்து முசிறியில் மிளகு ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றிலேயே இருக்கிறது. ஆனால் மிளகு மலைநாட்டுக் கொடி. நிழல் வேண்டும், பற்றிப் படர மரம் வேண்டும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை வேண்டும். கிருஷ்ணகிரிச் சீமையில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 850 மில்லிமீட்டர். செம்மண், பாறை, வெயில். இங்கே மிளகு என்றைக்கும் காசு கொடுத்து வாங்கும் சரக்குதான். மிளகாய்க்கு இந்தப் பிகு எதுவும் இல்லை. நாற்றங்காலில் 40, 45 நாள் வளர்த்துப் பிடுங்கி நட்டால், நட்ட 75-ஆம் நாளிலிருந்து பச்சைக்காய் பறிக்கலாம். மேலும் ஒரு மாதம் விட்டால் பழம். பழத்தை வெயிலில் காயவைத்தால் ஆண்டு முழுக்கக் காரம். அடுத்த பட்டத்துக்கு விதையும் அதிலேயே இருக்கிறது. புழக்கடையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் நாலு செடி இருந்தால் ஒரு குடும்பத்தின் தேவை தீர்ந்துவிடும். ஏழையின் சோற்றுக்குக் காரம் இலவசமானது அன்றைக்குத்தான். மிளகாய் பரவியதற்கு ருசியை மட்டும் காரணம் சொல்லும் எழுத்துகள் இந்தக் கணக்கைப் பார்க்கத் தவறுகின்றன.

குருபரப்பள்ளி இருக்கும் நிலம் பாராமகால். ஐதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் ஆட்சிக்குள் இருந்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. மேலே ஓசூர் மேட்டுநிலம் 1799-ல், திப்பு வீழ்ந்த பிறகு சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி வகுத்தார்கள். அதையடுத்து 1800-1801-ல் மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், தோட்டப் பயிர்களோடு மிளகாயையும் சேர்த்தே குறித்துச் சென்றார். அதற்குள் அது புதுப்பயிர் என்ற நினைவே மங்கிவிட்டது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் வட்டாரம் இது. வேப்பனப்பள்ளிச் சாலையில் சற்று வடக்கே போனால் ஆந்திரமும் கர்நாடகமும் தொட்டுவிடும் தொலைவில் இருக்கின்றன. சமையலும் அப்படியே. முக்கிய உணவு கேழ்வரகுக் களி. களிக்கென்று தனி ருசி அதிகம் கிடையாது. மெல்லாமல் உருட்டி விழுங்குவார்கள். அது தொண்டையில் இறங்க உதவுவது சாறு. கொள்ளுச் சாறு, கீரைக் கடைசல், மார்கழி தையில் அவரைக்கொட்டைச் சாறு, கருவாட்டுக் குழம்பு என எதிலும் மிளகாய் தாராளம். கன்னடக் குடும்பங்களில் உப்புச்சாறு என்று ஒன்று உண்டு. கீரையையும் பயறையும் உப்புப் போட்டு வேகவைத்து, வடித்த நீரையே சாறாக ஊற்றுவார்கள். பக்கத்தில் தனியாக ஒரு துவையல்: சுட்ட மிளகாய், பூண்டு, சீரகம், புளி, கூடவே சில மிளகு. கல்லில் அரைத்த இதற்குக் காரம் என்றுதான் பெயர். உண்பவர் தமக்கு வேண்டிய அளவு சாற்றில் கரைத்துக்கொள்வார். மிளகும் மிளகாயும் சண்டையில்லாமல் ஒரே அம்மியில் அரைபடும் பண்டம் அது ஒன்றாவது மிஞ்சியிருக்கிறது.

வரமிளகாய் விஷயத்திலும் இது ஒரு சந்திப்புதான். தெற்கிலிருந்து வருவது ராமநாதபுரத்து முண்டு. உருண்டையாக, தடித்த தோலோடு, தாளிப்பில் போட்டால் மணக்கும் ரகம். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வடகிழக்கிலிருந்து வருவது குண்டூர் சன்னம். நீளம், ஒல்லி, உறைப்பு. வடமேற்கில் கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்திலிருந்து வருவது பேடகி; தோல் சுருங்கியிருக்கும், நிறம் அடர் சிவப்பு, காரம் குறைவு. பேடகி 2011-ல் புவிசார் குறியீடு பெற்றது. பிசிபேளாபாத் பொடிக்கும் வாங்கிபாத் பொடிக்கும் நிறம் தருவது அதுதான். குழம்புப் பொடிக்கு நிறத்துக்குப் பேடகியும் உறைப்புக்குச் சன்னமும் கலந்து அரைக்கும் வழக்கம் எல்லையோர வீடுகளில் சகஜம். ஒரே மிளகாயில் இரண்டும் கிடைக்காது என்பது இங்குள்ள சமையல்காரர்களுக்குத் தெரிந்த பாடம்.

பங்குனி சித்திரை வெயில் மோர்மிளகாய்க்கு உரியது. பிஞ்சும் முற்றலும் இல்லாத பச்சைமிளகாயைக் காம்போடு கழுவித் துடைத்து, நுனிப் பக்கம் ஊசியாலோ கத்தியாலோ ஒரு கீறல் போடுவார்கள். உப்புப் போட்டுக் கடைந்த புளித்த மோரில் இரவு முழுக்க ஊறும். காலையில் மோரைப் பிழியாமல் மிளகாயை மட்டும் அள்ளித் தட்டில் பரப்பி வெயிலில் வைப்பார்கள். சாயங்காலம் அதே மோரில் திரும்பவும் போடுவார்கள். மோர் முழுதும் மிளகாய்க்குள் இறங்கும்வரை நாலைந்து நாள் இப்படியே போகும். அதன்பின் கையில் எடுத்துக் குலுக்கினால் விதை சலசலக்கும்வரை காயவேண்டும். பச்சையில் இருந்த வெட்டுக்காரம் இதில் தணிந்து, புளிப்பும் உப்பும் ஏறிவிடும். எண்ணெயில் கருக வறுத்த இரண்டு மோர்மிளகாய் இருந்தால் கம்மங்கூழுக்கும் பழையதுக்கும் வேறு எதுவும் வேண்டாம்.

மிளகாயின் காரம் விதையில் இருக்கிறது என்பது வீட்டில் சொல்லும் பேச்சு. உண்மையில் அது சுரப்பது விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய நடுத்தண்டில். விதைக்கு அங்கிருந்துதான் உறைப்பு ஒட்டுகிறது. காரத்தைக் குறைக்க விரும்புகிறவர் விதையை உதிர்த்தால் போதாது, அந்தத் தண்டையும் சுரண்ட வேண்டும். உறைத்தால் தண்ணீர் குடிப்பதும் வீண். அந்தப் பொருள் தண்ணீரில் கரையாது. கொழுப்பில் கரையும். களித் தட்டில் ஒரு கரண்டி நெய் விடுவதும் கடைசியில் மோர் குடிப்பதும் வெறும் ருசிக்காக மட்டும் வந்த பழக்கங்கள் அல்ல.

சமையலில் இவ்வளவு இடம் பிடித்த மிளகாய்க்குப் பழைய மருத்துவம் கதவு திறக்கவில்லை. சித்த மருத்துவத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலுக்கே அந்தப் பெயரை வைக்கும் அளவுக்கு அது ஊறிப்போன மருந்து. மிளகாய் வந்து சேர்ந்தபோது இந்த முறை முழுதாக உருவாகி முடிந்திருந்தது, காலியிடம் இல்லை. இன்றைக்கும் சளி பிடித்தால் மிளகு ரசம், பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்ந்த மருந்து, காய்ச்சல்காரருக்கு மிளகாய் ஆகாது. மூலம் உள்ளவருக்கும் வயிற்றுப்புண் உள்ளவருக்கும் வைத்தியர் சொல்லும் பத்தியத்தில் முதலில் விலக்கப்படுவது மிளகாய். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்கிறது பழமொழி. மிளகாய்க்கு அப்படி ஒரு நற்சான்று யாரும் எழுதித் தரவில்லை.

சடங்குகள் இன்னும் கறாராக இருந்தன. திதிச் சமையலில் பல குடும்பங்கள் இன்றுவரை மிளகாய் சேர்ப்பதில்லை, காரத்துக்கு மிளகுதான். பழைய முறை மாறாத வைணவக் கோயில் மடப்பள்ளிகளிலும் புளியோதரைக்கு மிளகு போடுவது வழக்கம். தெய்வத்துக்கும் முன்னோருக்கும் படைப்பது மிளகாய்க்கு முந்திய சமையல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மிளகாயை மருந்தாக எழுதிவைத்தவர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்கள். சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஒயிட்லா ஐன்ஸ்லி, இந்திய மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து 1813-ல் சென்னையிலேயே நூலாக வெளியிட்டார்; அதில் மிளகாயும் உண்டு. திருவிதாங்கூரில் பணியாற்றிய எட்வர்ட் வாரிங் தொகுத்து 1868-ல் வந்த இந்திய மருந்து நூலிலும் அதற்கு இடம் கிடைத்தது. தொண்டை கட்டி, உள்நாக்கு தொங்கிப்போனால் மிளகாய் ஊறிய நீரால் கொப்பளிப்பது அன்றைய ஐரோப்பிய வைத்தியத்தில் வழக்கமான சிகிச்சை. வாத வலிக்கும் மூட்டு வலிக்கும் மேலே தடவும் தைலங்களிலும் அது சேர்ந்தது. உள்ளுக்குக் கொடுத்தால் பசியைத் தூண்டும் என்றும் நம்பினார்கள்.

அதே நூற்றாண்டில் இந்தக் காய்க்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் நடந்த சித்திரவதைகளை விசாரித்த குழு 1855-ல் அறிக்கை கொடுத்தது. கிட்டி போடுவது, அண்ணாந்தாள் கட்டுவது ஆகியவற்றோடு, கண்ணிலும் மறைவிடங்களிலும் மிளகாய்ப் பொடி வைப்பதும் அந்த அறிக்கையின் பட்டியலில் உள்ளது. கிருஷ்ணகிரி அப்போது அந்த மாகாணத்தின் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. வைத்தியர் ஒரு சிட்டிகை எடை போட்ட பொருளை வரி வசூலிக்கும் ஆள் கைப்பிடியாக அள்ளினார். மிளகாயின் வரலாற்றைச் சமையல் புத்தகங்களிலிருந்து மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வைத்தியரின் பெட்டிக்கு வெளியே, நாட்டுப் பழக்கத்தில் மிளகாய் தன் இஷ்டத்துக்குப் பரவியது. திருஷ்டி கழிக்க உப்பு, கடுகு, வரமிளகாய் மூன்றையும் கையில் மூடித் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். நெடி கமறவில்லை என்றால் கண்ணேறு இருந்தது என்று அர்த்தம். காய்ந்த மிளகாய் எரிந்து எவருக்கும் இருமல் வராமல் போவது அரிது; ஆனாலும் சடங்கு நிற்கிறது. கிருஷ்ணகிரியில் சென்னை, பெங்களூரு, சேலம், திண்டிவனம் சாலைகள் வந்து கூடுவதால் இந்த வழியில் லாரிகள் ஓய்வதில்லை. அவற்றின் முகப்பில் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கோத்த கோர்வை ஆடிக்கொண்டிருக்கும்.

மாட்டு வைத்தியத்தில் மிளகாய்க்கு நியாயமான இடம் கிடைத்தது. 1824-ல் தொடங்கிய ஓசூர் கால்நடைப் பண்ணையைச் சுற்றியுள்ள இந்தச் சீமை மாடு வளர்க்கும் சீமை. மாட்டுக்குச் செரிமானம் கெட்டு வயிறு உப்பினால் சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, வெற்றிலை, சீரகம், மிளகு ஆகியவற்றோடு இரண்டு வரமிளகாயும் சேர்த்து அரைத்து, வெல்லத்தில் பிசைந்து நாக்கில் தடவிக் கொடுப்பார்கள். மரபுவழிக் கால்நடை மருத்துவம் என்ற பெயரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இத்தகைய முறைகளைப் பரிந்துரைக்கிறது. பயிருக்கும் இதே வகையில் ஒரு கரைசல் உண்டு. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் மூன்றையும் அரைத்து வடிகட்டித் தெளித்தால் இலை தின்னும் புழு ஒதுங்கும். யானையை விரட்டவும் மிளகாய் உதவுகிறது. ஜிம்பாப்வேயிலும் அசாமிலும் கிரீஸில் மிளகாய்ப் பொடி குழைத்துக் கயிற்றில் பூசி வயலைச் சுற்றிக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். தேன்கனிக்கோட்டைக் காட்டிலிருந்து கேழ்வரகு தேடி யானைகள் இறங்கும் ஓசூர்ப் பக்கத்துக்கு அது அந்நியமான செய்தியல்ல.

தீங்கான பழக்கங்களும் இருந்தன, இன்னும் இருக்கின்றன. நாய் கடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி அப்புவது அவற்றில் மோசமானது. எரிச்சல் விஷத்தை இழுக்கும் என்பது நம்பிக்கை. புண் கிளறப்பட்டால் வெறிநோய்க் கிருமி நரம்புக்குள் போக வழி அதிகமாகிறது. செய்ய வேண்டியது, சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்குப் போவது. பாம்பு கடித்தவருக்கு மிளகாய் மெல்லக் கொடுத்து உறைப்பு தெரிகிறதா என்று சோதிப்பதும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தைத் தின்னும் வேலைதான்.

வட்டாரத்தின் பயிர்முறை கடந்த சில பத்தாண்டுகளில் மாறிவிட்டது. வரமிளகாய்க்காகப் பழுக்கவிடுவது குறைந்து, பச்சையாகப் பறித்து விற்பது பெருகியது. ராயக்கோட்டைத் தக்காளி, சூளகிரிக் கொத்தமல்லியோடு பச்சைமிளகாயும் வண்டி ஏறுகிறது. பெங்களூருச் சந்தை அருகில் இருப்பதே காரணம். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அர்கா லோகித், அர்கா மேகனா போன்ற ரகங்களைத் தந்தது. ஓசூர், தளி பக்கம் பசுமைக்குடில்களில் சிவப்பும் மஞ்சளுமாகக் குடைமிளகாய் விளைகிறது. அதுவும் அதே இனம்தான், காரத்தைச் சுரக்கும் மரபணு மட்டும் வேலை செய்யாது. குருபரப்பள்ளியிலேயே சிப்காட் தொழிற்பூங்கா வந்தபின் ஊரைச் சுற்றிய நிலத்தின் போக்கும் மாறியது.

மருந்தாக மிளகாய்க்கு மறுபிறவி கொடுத்தது வேதியியல். அதன் உறைப்புப் பொருளை 1876-ல் தூய வடிவில் பிரித்து கேப்சைசின் என்று பெயரிட்டவர் ஜான் தெரெஷ் என்ற ஆங்கிலேயர். அதன் மூலக்கூறு அமைப்பை 1919-ல் நெல்சன் கண்டறிந்தார். இடையில் 1912-ல், அமெரிக்க மருந்து நிறுவனமொன்றில் பணியாற்றிய வில்பர் ஸ்கோவில், மேல்பூச்சு மருந்துக்கு வாங்கும் மிளகாயின் வீரியத்தை அளக்க வழி தேடினார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, நாக்குக்கு உறைப்பு தெரியாமல் போகும்வரை நீர்க்கச் செய்து, எத்தனை மடங்கு நீர்த்தது என்று எண்ணினார். குடைமிளகாய் அந்த அளவில் சுழியம். தூய கேப்சைசின் 1.6 கோடி. 1930-களின் தொடக்கத்தில் ஹங்கேரியின் செகெத் நகரில் ஆல்பர்ட் சென்ட் ஜார்ஜி உள்ளூர் பாப்ரிகா மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937-ல் நோபல் பரிசு பெற்றார். பச்சைமிளகாய் 100 கிராமில் அந்த வைட்டமின் 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அவ்வளவு மிளகாயை ஒரு நாளில் தின்பவர் கிடையாது என்பது வேறு விஷயம்.

அதே ஹங்கேரியில் 1940-களில் மிக்லோஷ் யாஞ்சோ ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கேப்சைசினைத் திரும்பத் திரும்பத் தடவிய இடம், பிறகு எரிச்சலையும் வலியையும் உணர மறுத்தது. ஏன் என்பது 1997-ல் தெளிவானது. டேவிட் ஜூலியஸ் குழுவினர் நரம்பு முனையில் இருக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொள்ளும் வாயில் அது. கேப்சைசின் பட்டாலும் அதேபோலத் திறக்கிறது. ஆகவே மிளகாய் தின்றவருக்கு வாய் வெந்ததாக மூளை முடிவுகட்டி வேர்வையை வரவழைக்கிறது. பறவைகளின் புரதம் கேப்சைசினுக்கு அசைவதில்லை. காந்தாரி மிளகாயைக் குருவிகள் தின்று விதை பரப்புவது அதனால்தான். ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வயிற்றுப்புண்ணுக்கு மிளகாயே மூலகாரணம் என்ற குற்றச்சாட்டும் இதற்குள் பெரும்பாலும் நீங்கியிருந்தது. 1982-ல் மார்ஷலும் வாரனும் அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமான ஒரு பாக்டீரியாவை அடையாளம் காட்டினார்கள். இருந்த புண்ணை மிளகாய் எரிய வைக்கும் என்பது மட்டும் மாறவில்லை.

அந்தப் புரதம் தொடர்ந்து தூண்டப்பட்டால் நரம்பு முனை சில வாரங்களுக்குச் செயலிழக்கிறது. வலி மருந்துகள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. 0.025, 0.075 சதவீத கேப்சைசின் களிம்புகள் மூட்டுவலிக்கும் சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சலுக்கும் வந்தன. 2009-ல் 8 சதவீதப் பட்டைக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி அளித்தன. அக்கி வந்து போனபின் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலிக்கு அது சிகிச்சை. அக்கிக்குக் குயவரிடம் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்வது தமிழ்நாட்டு வழக்கம். ஆறியபிறகு தொடரும் வலிக்கு அந்த எழுத்தில் பதில் இருக்கவில்லை. 2020-ல் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாத நரம்பு வலிக்கும் அதே பட்டை அனுமதி பெற்றது. மருத்துவர் மேற்பார்வையில், கையுறை போட்டுக்கொண்டு, அக்கி வலிக்கு ஒரு மணி நேரம், பாதத்துக்கு அரைமணி நேரம் ஒட்டி எடுக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது. அம்மியில் அரைத்த மிளகாய் விழுதைப் பாதத்தில் பூசுவது இதற்கு மாற்றாகாது. அதில் எவ்வளவு கேப்சைசின் இருக்கிறது என்று யாரும் அளந்திருப்பதில்லை. உணர்ச்சி குறைந்த சர்க்கரைப் பாதத்தில் தோல் வெந்துபோனாலும் உடனே தெரிவதில்லை.